சி.வி.எஸ்., பனிக்குடநீர்ப் பரிசோதனை: எடுப்பவரின் அனுபவத்தைப் பொறுத்து ஆபத்து மாறுமா?

அரூர்_தந்தை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாய்மாமன் மகளைத்தான் மணந்திருக்கிறேன். மூத்த மகனுக்குத் தலசீமியா மேஜர் என்ற பரம்பரை இரத்த நோய். மாதம் தவறாமல் இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இப்போது மனைவி மறுபடியும் கருவுற்றிருக்கிறார். ஸ்கேன் கணக்குப்படி ஒன்பது வாரம் முடிந்துவிட்டது. நாங்கள் இருவருமே கேரியர் (நோய் மரபணுவைச் சுமப்பவர்கள்) என்பதால் இந்தக் குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றும், பதினொரு வாரம் முடிந்ததும் சி.வி.எஸ்., அதாவது நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை, எடுத்துப் பார்த்துவிடலாம் என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார்.

குழப்பம் எங்கே எடுப்பது என்பதில்தான். மாவட்டத்துக்குள்ளேயே பதிவு பெற்ற ஒரு தனியார் மையத்தில், "இங்கேயே எடுத்துவிடலாம், கரு கலையும் ஆபத்து எங்கே எடுத்தாலும் நூற்றுக்கு ஒன்றுதான்" என்கிறார்கள். என் மைத்துனரோ, பெங்களூருவில் இதையே முழுநேரமாகச் செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எடுப்பவர் மாறினால் ஆபத்தும் மாறுமா, அல்லது இது வெறும் பெரிய ஊர் மோகமா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

காவேரிப்பட்டணம்_மகப்பேறு:

நான் மகப்பேறு மருத்துவர். சி.வி.எஸ். எடுப்பதில்லை, தேவைப்படுகிறவர்களை வெளியே அனுப்புகிறேன். எனவே இதில் எனக்கு வியாபார அக்கறை எதுவும் இல்லை.

அந்த "நூற்றுக்கு ஒன்று" எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1986ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஆன் டேபர் குழுவினர், தனிப்பட்ட ஆபத்து எதுவும் இல்லாத 25 முதல் 34 வயதுக்குட்பட்ட 4,606 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பனிக்குடநீர்ப் பரிசோதனை (குழந்தையைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். செய்துகொண்டவர்களில் 1.7 சதவீதத்தினருக்கும் செய்துகொள்ளாதவர்களில் 0.7 சதவீதத்தினருக்கும் கரு கலைந்தது. அந்த ஒரு சதவீத இடைவெளிதான் நாற்பது ஆண்டுகளாக எல்லா ஆலோசனை அறைகளிலும் ஒப்புவிக்கப்படுகிறது. அது பனிக்குடநீர்ப் பரிசோதனைக்கான எண்ணே தவிர சி.வி.எஸ்.ஸுக்கானது அல்ல; அன்றைய ஸ்கேன் கருவியின் தெளிவுக்கும் இன்றையதற்கும் ஒப்பே கிடையாது.

பிற்கால எண்கள் குறைவானவை. 2015இல் வெளிவந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்த ஒரு தொகுப்பாய்வு, பரிசோதனையால் மட்டுமே கூடும் ஆபத்தைப் பனிக்குடநீருக்கு 0.11 சதவீதம் என்றும் சி.வி.எஸ்.ஸுக்கு 0.22 சதவீதம் என்றும் கணித்தது. இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதல், உரிய பயிற்சி பெற்றவர் எடுத்தால் கூடுதல் ஆபத்து 0.5 சதவீதத்துக்கும் கீழே என்கிறது. "உரிய பயிற்சி பெற்றவர் எடுத்தால்" என்ற பகுதியைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பாய்வில் சேர்க்கப்பட்டவையும் ஆயிரமோ அதற்கு மேலோ பரிசோதனைகளைக் கண்ட பெரிய ஆய்வுகள் மட்டுமே. பெரிய கைகளிலிருந்து பிறந்த எண்ணை எடுத்து, ஆண்டுக்கு நான்கைந்து பேருக்குச் செய்யும் மையம் தன் சுவரில் ஒட்டிக்கொள்வது நியாயமல்ல.

அனுபவத்தை நேரடியாகத் தொட்ட ஆய்வும் டென்மார்க்கிலிருந்தே வந்தது. 1996 முதல் 2006 வரை அந்நாட்டில் நடந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளைத் தேசியப் பதிவேட்டிலிருந்து எடுத்து 2009இல் வெளியிட்டார்கள். பதினோரு ஆண்டுகளில் 1,500க்கு மேல் பனிக்குடநீர் எடுத்த மருத்துவமனைத் துறைகளோடு ஒப்பிட்டால், 500க்கும் குறைவாக எடுத்த துறைகளில் கரு இழப்பின் வாய்ப்பு விகிதம் 2.2 மடங்காக இருந்தது. ஆகவே உங்கள் மைத்துனர் சொல்வதை மோகம் என்று தள்ளிவிட முடியாது.

பாரூர்_கணக்கு:

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மருத்துவர் சார் சொன்ன டென்மார்க் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே எண்ணப்பட்டது துறைகளின் பரிசோதனைகள். தனி மருத்துவர்களின் கைகள் அல்ல. பெரிய துறையில் அன்றைக்குத்தான் சேர்ந்த ஒருவர் எடுத்திருக்கலாம். சிறிய துறையில் இருபது ஆண்டு அனுபவசாலி ஒருவரே எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம். சிறிய ஊர்களுக்கு வரும் கர்ப்பிணிகளின் உடல்நிலையே வேறாகவும் இருந்திருக்கலாம். தொடர்பு உண்மை, காரணம் முழுவதும் கையின் பழக்கமே என்பது அனுமானம்.

இருந்தாலும் அரூர் நண்பர் கவனிக்க வேண்டிய கணக்கு வேறொன்று இருக்கிறது. ஒரு மருத்துவர், "என் கையில் நூறு பேருக்கு எடுத்திருக்கிறேன், ஒன்றுகூடக் கலையவில்லை" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நூற்றில் பூச்சியம் என்ற விளைவு, அவருடைய உண்மையான ஆபத்து 3 சதவீதம் வரை இருந்தாலும் அவ்வளவு அரிதல்லாமல் நேரக்கூடியது. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உச்ச வரம்பு கிடைக்கும் என்பது எங்கள் துறையின் சுருக்கு விதி. முந்நூறில் பூச்சியம் என்றால் 1 சதவீதம். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்று ஒருவர் தன் சொந்தக் கணக்கைக் கொண்டே நிறுவ வேண்டுமானால், அறுநூறு பேரில் ஒன்றுகூடக் கலைந்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு முப்பது எடுப்பவருக்கு அதற்கு இருபது ஆண்டுகள் ஆகும். பரிசோதனையே செய்யாவிட்டாலும் சில கருக்கள் அந்த வாரங்களில் தாமாகக் கலைவதால், அறுநூறில் பூச்சியம் என்பது உலகத்தின் மிகச் சிறந்த கைக்கும் கிடைக்காது.

எனவே, எத்தனை எடுத்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களைக் கேட்க வேண்டும். முதல் குத்திலேயே மாதிரி கிடைத்தது எத்தனை பேருக்கு, இரண்டாம் முறை குத்த வேண்டியிருந்தது எத்தனை பேருக்கு, மாதிரி போதவில்லை என்று ஆய்வகம் திருப்பி அனுப்பியது எத்தனை முறை? இவை அடிக்கடி நிகழக்கூடியவை என்பதால் ஐம்பது பேரிலேயே திறமை வெளுத்துவிடும்.

பென்னாகரம்_செவிலி:

ஓய்வு பெற்ற செவிலியர் நான். பெங்களூரு போன்ற பெரிய இடத்துக்குப் போவதே சரி என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். தம்பிக்குக் கூட்டிப்போக மைத்துனர் இருக்கிறார். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? பேருந்துக்கும் தங்குவதற்கும் இரண்டு நாள் கூலி இழப்புக்கும் பயந்து தள்ளிப்போட்டு, பதினான்காம் வாரம் தாண்டி, பிறகு பனிக்குடநீருக்காகப் பதினாறாம் வாரம் வரை காத்திருந்து, முடிவு வரும்போது குழந்தை துடிப்பதை அவள் உணரத் தொடங்கியிருப்பாள். தாமதத்தால் வருகிற ஆபத்து எந்த ஆய்வு அட்டவணையிலும் ஏறுவதில்லை. கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, தீவிரக் குறைபாடு என்று மருத்துவ வாரியம் கண்டால் 24 வாரத்துக்குப் பிறகும் வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழியில் நடக்கிற பெண்ணின் பாட்டை நேரில் பார்த்தவர்கள் அதை ஆறுதலாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் "கருவில் பார்ப்பது" என்றாலே ஆட்கள் குரலைத் தாழ்த்துவதற்குக் காரணம் இருக்கிறது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் போன பகுதி என்று தர்மபுரி நாடு முழுவதும் பேசப்பட்டது. தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கிப் பிறகு இங்கும் வந்தது. ஆண்டுதோறும் யாராவது வீட்டுக்குள் ஸ்கேன் கருவியை வைத்துப் பிடிபடுகிறார்கள். ஆகவே தம்பி, எந்த இடமாக இருந்தாலும் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மரபணு மருத்துவமனையாகப் பதிவு செய்திருக்கிறதா என்று சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார். வெறும் ஸ்கேன் மையமாகப் பதிவு பெற்றது இதற்குப் போதாது. ஊசி போடுவதற்கு முன் படிவம் ஜி என்ற சம்மதப் படிவத்தை உன் மனைவிக்குப் புரிகிற மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்கி, அதன் நகலைக் கையில் தர வேண்டும். ஆணா பெண்ணா என்ற பேச்சை யாராவது எடுத்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடு. சட்டத்தை மதிக்காத இடம் ஊசியை மட்டும் ஒழுங்காகப் பிடிக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

காவேரிப்பட்டணம்_மகப்பேறு:

செவிலி அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது என்பதற்காகவே பழக்கமில்லாத கையில் ஒப்படைப்பதையும் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் சி.வி.எஸ்.ஸும் பனிக்குடநீரும் கடினத்தில் ஒன்றல்ல.

பனிக்குடநீர் எடுப்பதில் இலக்கு பெரியது. பதினைந்து வாரம் முடிந்த பிறகு, குழந்தையின் கை கால் இல்லாத ஒரு நீர்ப்பகுதியை ஸ்கேனில் தேர்ந்தெடுத்து, 0.9 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஊசியை உள்ளே செலுத்தி, 15 முதல் 20 மில்லி வரை எடுத்தால் போதும். சி.வி.எஸ்.ஸில் நீரைத் தொடவே கூடாது. பனிக்குடத்துக்கு வெளியே, விரல் தடிமன் அளவே இருக்கும் நஞ்சுக்கொடியின் நீளவாக்கில் ஊசியைப் படுக்கவைத்து, சிரிஞ்சில் உறிஞ்சும் அழுத்தத்தைக் கொடுத்தபடி முன்னும் பின்னும் சிலமுறை அசைக்க வேண்டும். வெளியே வந்ததைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தால் வெண்ணிற நூல்பிசிர்கள் போல வில்லஸ் (நஞ்சுக்கொடியின் நுண்ணிழைகள்) மிதக்க வேண்டும். வெறும் இரத்தம் மட்டும் வந்தால் மறுபடி குத்த வேண்டும். கருப்பை பின்னோக்கிச் சாய்ந்திருந்தாலோ, நஞ்சுக்கொடி பின்சுவரில் இருந்தாலோ, இன்று வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லும் துணிச்சலும் வேண்டும். அனுபவத்தின் பெரும்பகுதி அந்த "இன்று வேண்டாம்" என்பதில் இருக்கிறது என்பேன்.

திறமை என்பது குத்துவதில் இல்லை. ஒரு கையால் ஸ்கேன் புரோபைப் பிடித்து, மறுகையால் செலுத்தும் ஊசியின் நுனி திரையில் ஒரு கணமும் மறையாமல் வைத்திருப்பதுதான் திறமை. ஊசியின் தண்டு தெரியும், நுனி தெரியாது; தண்டின் நடுவை நுனி என்று நினைத்துக்கொண்டு மேலும் தள்ளுவதுதான் கற்றுக்கொள்பவர்கள் வழுக்கும் இடம்.

முதுநிலை_கிருஷ்ணகிரி:

நான் மகப்பேறு முதுநிலை மாணவி. இழையின் போக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லோரும் அனுபவசாலியிடமே போனால் அடுத்த அனுபவசாலி எங்கிருந்து வருவார்?

இது வெறும் தர்க்கமல்ல. தாயின் இரத்தத்திலேயே குழந்தையின் டி.என்.ஏ.வைத் தேடும் என்.ஐ.பி.டி. பரிசோதனை 2011 முதல் பரவியதிலிருந்து, டவுன் நோய்க்குறிக்காக ஊசி போடும் தேவை உலகெங்கும் வெகுவாகக் குறைந்துவிட்டது. அது நல்லதே. ஆனால் எளிதான, கற்றுக்கொள்வதற்கு ஏற்ற பரிசோதனைகள்தான் முதலில் மறைந்தன. எஞ்சி வருபவர்கள் கடினமானவர்கள். இங்கிலாந்து வழிகாட்டுதலின் முந்தைய பதிப்பு, திறமையைத் தக்கவைக்க ஆண்டுக்குக் குறைந்தது முப்பது பரிசோதனைகள் தேவை என்றது. நம் மாவட்டம் ஒன்றில் மொத்தமாக வரும் சி.வி.எஸ்.களை இரண்டு மூன்று மையங்கள் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் அந்த முப்பது தேறாது.

கையின் பழக்கம் ஒரு ஆய்வின் முடிவையே எப்படித் திருப்பிப் போடும் என்பதற்கு 1991இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு உதாரணம். இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய அந்த ஆய்வில், சி.வி.எஸ். செய்துகொண்டவர்களில் கருப்பம் நல்லபடி முடிந்தவர்கள் பனிக்குடநீர்ப் பிரிவைவிட 4.6 சதவீதப் புள்ளிகள் குறைவு. அதற்கு இரண்டாண்டு முன்பு கனடாவில் நடந்த ஆய்விலோ அந்த இடைவெளி 0.6 மட்டுமே. இரண்டிலும் பரிசோதனை சி.வி.எஸ்.தான். ஐரோப்பிய ஆய்வில் பல மையங்கள் சேர்ந்திருந்தன, அவற்றில் பலவற்றுக்கு சி.வி.எஸ். புதிது என்பதே அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம்.

என் கருத்து என்னவென்றால், கற்பவர் எடுப்பதே தவறு என்பதல்ல. தனியாக எடுப்பதுதான் தவறு. ஜெல் பொம்மையிலும் கோழி இறைச்சியிலும் ஊசி நுனியைத் தேடிப் பழகி, பிறகு மூத்தவர் பக்கத்தில் நின்று புரோபைப் பிடித்திருக்க, முதலில் பனிக்குடநீர், பிறகே சி.வி.எஸ். என்று படிப்படியாகப் போகலாம். அதற்கு மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மூன்றிலிருந்தும் அங்கேயே அனுப்பினால் எண்ணிக்கையும் சேரும், செவிலி அம்மா சொல்லும் தூரமும் குறையும்.

பாரூர்_கணக்கு:

மாணவியின் யோசனை எனக்கு உடன்பாடே. ஒரு சேர்க்கை: அப்படி ஒரு மையம் வந்தால் பரிசோதனைக்குப் பின் ஒவ்வொரு கர்ப்பமும் எப்படி முடிந்தது என்பதைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போய் அங்கே கரு கலைந்தவர்கள் எடுத்தவரிடம் வந்து சொல்லப்போவதில்லை.

ஓசூர்_தாய்:

நான் இதைச் செய்துகொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு எடுத்தது பனிக்குடநீர். எதையெல்லாம் கவனித்தால் பழகிய கை என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஊசியைத் தொடுவதற்கு முன் மருத்துவர் நெடுநேரம் ஸ்கேன் மட்டுமே பார்த்தார். என்னை ஒருபக்கமாகச் சாயச் சொன்னார், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார், மறுபடியும் பார்த்தார். புரோபுக்குக் கிருமி நீக்கிய உறை போட்டிருந்தார்கள். ஊசி உள்ளே போன பிறகு அவர் என் வயிற்றைப் பார்க்கவே இல்லை. கண் திரையிலேயே இருந்தது. நீரை இழுத்தவர் பக்கத்தில் நின்ற செவிலியர். முதலில் வந்த சிறிதளவைத் தனிச் சிரிஞ்சில் எடுத்து ஒதுக்கிவிட்டு, வேறு சிரிஞ்சை மாட்டினார்கள். என் இரத்தம் கலந்திருக்கக் கூடும் என்பதால் அது ஆய்வகத்துக்குப் போகாது என்று பிறகு விளக்கினார்கள். வெளிர் மஞ்சள் நீர். முடிந்ததும் குழந்தையின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டினார்கள். இரத்த ஊசி போடுவதைவிடச் சற்று அதிகமாக வலித்தது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பு வேறோர் இடத்தில் விசாரித்தபோது, ஆண்டுக்கு எத்தனை எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா" என்று கோபித்துக்கொண்டார்கள். பழகியவர் கேள்விக்குக் கோபப்படவில்லை. எண்ணைச் சொன்னார், இரண்டாம் முறை குத்த நேர்வதையும் அவராகவே சொன்னார்.

நெறியாளர்:

சிலர் தனிச்செய்தியில் மையங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருப்பதாக அறிகிறோம். இந்த இழையில் எந்த மருத்துவமனையையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கவோ பழிக்கவோ வேண்டாம்.

அரூர்_தந்தை:

எல்லோருக்கும் நன்றி. உள்ளூர் மையத்துக்கே மறுபடியும் போய், கணக்கு ஆசிரியர் சொன்ன கேள்விகளை அப்படியே கேட்டேன். வரவேற்பில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள், மருத்துவர் சுளிக்கவில்லை. பனிக்குடநீர் அவ்வப்போது எடுப்பதாகவும், சி.வி.எஸ். அரிதாகவே எடுத்திருப்பதாகவும், என் மனைவிக்கு நஞ்சுக்கொடி பின்சுவரில் இருக்கும்போல் தெரிவதால் தானே கடிதம் தருவதாகவும் சொன்னார். பெங்களூருவில் நாள் வாங்கியிருக்கிறோம், பன்னிரண்டாம் வாரத்தில். காரில் அவ்வளவு தூரம் வந்து போவதால் கலையுமோ என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அதைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

காவேரிப்பட்டணம்_மகப்பேறு:

அந்த மருத்துவரை நான் மதிக்கிறேன். கார்ப் பயணத்தால் கரு கலைவதில்லை. எடுத்த அன்று அங்கேயே தங்கி, மறுநாள் மெதுவாகத் திரும்புங்கள். கனமான வேலையை இரண்டு நாள் தள்ளிப்போடட்டும். நீர் கசிந்தாலோ, இரத்தப்போக்கு இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அங்கே மறுபடி ஓட வேண்டியதில்லை, தர்மபுரி அரசு மருத்துவமனைக்கே போகலாம்.

அதைவிட அவசரமானது வேறொன்று. உங்கள் இருவரின் தலசீமியா மரபணு மாற்றம் எது என்று முன்பே கண்டுபிடித்திருக்கிறார்களா? ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் என்ற அறிக்கை மட்டும் போதாது. அது கேரியர் என்றுதான் சொல்லும். எந்த மாற்றத்தைத் தேடுவது என்று தெரியாமல் சி.வி.எஸ். மாதிரியை ஆய்வகத்தால் படிக்க முடியாது. உங்கள் இருவரின் இரத்தமும் மூத்த மகனின் இரத்தமும் இந்த வாரமே போய்ச் சேர வேண்டும். மகனுக்கு அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் அதை ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள். மனைவியின் இரத்த வகை என்ன?

அரூர்_தந்தை:

மூத்தவனுக்கு எடுத்த மரபணு அறிக்கை கோப்பில் இருக்கிறது, எங்கள் இருவருக்கும் எடுக்கவில்லை. நாளைக் காலையே கொடுத்துவிடுகிறோம். மனைவிக்கு ஓ நெகட்டிவ்.

காவேரிப்பட்டணம்_மகப்பேறு:

அப்படியானால் உங்கள் வகை பாசிட்டிவாக இருந்தால், எடுத்து 72 மணி நேரத்துக்குள், குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். எடுக்கும் இடத்திலேயே போட்டுவிடுவார்கள். ஆனாலும் கடிதத்தின் முதல் வரியில் இரத்த வகையை எழுதச் சொல்லுங்கள். முந்தைய பிரசவத்தில் அந்த ஊசி போட்டார்களா என்பதையும் பழைய கோப்பில் பார்த்துவிட்டு, அந்த எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகியிருக்கிறதா என்று பார்க்கும் ஐ.சி.டி. பரிசோதனையையும் நாளைய இரத்தத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.